உயிர்ப்புள்ளி

ஜூன் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி முப்பத்தொரு நிமிடம்.

நவநீதன் ஒரு நிமிடம் தாமதித்துவிட்டான். முகம் கழுவிக்கொண்டு வந்து, சட்டை மாற்றி, ஜன்னலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மகளின் பெயரைத் தொட்டான். சிங்கப்பூரில் அப்போது மதியம் ஒரு மணி. நேத்ரா சாப்பிட்டு முடித்துக் கையிலுள்ள வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மணி அடிக்கவில்லை. ஒரு பெண் குரல் சொன்னது:

"இந்த அழைப்பில் உயிர்ப்புள்ளி இல்லை. நீங்கள் மனிதர் எனில், உங்கள் கருவியைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் அழைக்கவும்."

அவன் மறுபடி தொட்டான். அதே குரல். பதினொரு மணி வரை இருபத்து மூன்று முறை கூப்பிட்டான். நீதிமன்றம் அவனுக்கு வாரத்தில் அரை மணி நேரம் கொடுத்திருந்தது. மகளை நேரில் பார்ப்பது பற்றி அவள் பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம் போகட்டும், அப்புறம் பேசலாம் என்று அவனும் பிரிந்துபோன மனைவி ஷர்மிளாவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதுவரை அவனுக்கு இருந்தது அந்த அரை மணி மட்டும்தான்.

பதினொன்றடித்ததும் ஷர்மிளாவுக்குச் செய்தி அனுப்பினான். பதில் உடனே வந்தது.

"இன்னைல இருந்து ரூல் மாறிடுச்சு. குழந்தைங்க வாட்ச்ல புள்ளி இல்லாத கால் வராது. விலக்கு கிடையாது. என்னோடது ஆபீஸ் போன், அதுலயும் விலக்கு போட முடியாது. அப்டேட் பண்ணுங்க."

அவன் போனின் அமைப்புகளுக்குள் போனான். மென்பொருள் புதுப்பிப்பு என்பதைத் தொட்டான். ஒரு சக்கரம் சுற்றியது. பிறகு எழுத்து வந்தது.

*உங்கள் கருவி முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட நிலையில் உள்ளது.*

&nbsp;

சேவை மையத்தில் டோக்கன் எண் அறுபத்தெட்டு. கவுன்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ஜெசிந்தா என்று எழுதியிருந்தது. காலையிலிருந்து ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி அவள் குரல் கம்மியிருந்தது.

"சார், பொய்க்குரல் மோசடி நடந்துச்சுல்ல. அம்மா பேசற மாதிரி, புருஷன் பேசற மாதிரி. அதுக்கப்புறம் போன் கம்பெனி எல்லாம் சேர்ந்து கொண்டுவந்ததுதான் இந்தப் புள்ளி. பேசறது மனுஷன்தானான்னு போனே பாத்துச் சொல்லும். மூச்சு, தொண்டை, நடுவுல தடுமாறறது, எல்லாம் பாக்கும். ஆள்னா பச்சைப் புள்ளி வரும்."

"அது தெரியும். எனக்கு ஏன் வரல?"

"உங்க மாடலுக்கு அப்டேட் நாலாவது அடுக்குலதான் வரும்."

"பிப்ரவரியில வரும்னாங்க."

"ஆமா."

"ஏப்ரல்னாங்க."

"ஆமா சார். இப்ப 'படிப்படியா'ன்னு சொல்றாங்க. எனக்கும் அதுக்கு மேல தெரியாது. என் போனும் நாலாவது அடுக்குதான்." அவள் தன் போனை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "எங்கம்மாவை நான் கூப்பிட்டா எனக்கே போகாது."

"வேற போன் வாங்கிடறேன்."

"வாங்கலாம். ஆனா புள்ளி உங்க ஒரு வருஷக் குரலை வெச்சுத்தான் சார் போடும். அந்தக் குரல் இருக்கிறது இந்தப் போன்ல. புதுசு வாங்கினா முதல்ல இருந்து ஒரு வருஷம்."

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "மகளே, இவரு நேத்தைக்குத்தான் பொறந்தாருன்னு வெச்சுக்கிடச் சொல்லுத."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சொன்னவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் பாக்கியநாதன். பாளையங்கோட்டைக்காரர், இப்போது அயனாவரத்தில் தனியாக இருக்கிறார். வெளியே டீக்கடையில் நின்றபோது அவராகவே இதையெல்லாம் சொன்னார். எண்ணையும் கொடுத்தார்.

"புள்ளி இல்லாதவன் புள்ளி இல்லாதவனக் கூப்பிடலாம். அது ஒண்ணத்தான் இன்னும் விட்டு வெச்சிருக்கான்."

நவநீதன் எண்ணைப் பதிந்துகொண்டான். கூப்பிடும் எண்ணம் அவனுக்கு இல்லை.

&nbsp;

சோழவரம் தாண்டி ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு வேலை. பதினாறு அறைகள். மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும். ஒவ்வொரு அறையின் வெப்பநிலையும் மணிக்கு ஒரு முறை பலகையில் வரும். அது ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறினால் ஒரு பொத்தான். லாரிக்காரர்கள் வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் அவனால் வேலை செய்ய முடிந்தது. பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் செய்தான்.

ஜூனும் ஜூலையும் போயின. தினமும் காலையில் எழுந்ததும் புதுப்பிப்பைத் தொட்டுப் பார்ப்பான். கருவி முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட நிலையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு அழைத்துப் பார்ப்பான். பெண் குரல் ஒவ்வொரு முறையும் அவன் மனிதனா என்று கேட்டது.

ஷர்மிளாவுக்கு எழுதினான். "எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"என்னைக் கேக்கறாளா?"

இதற்குப் பதில் வர ஒரு நாள் ஆனது.

"முதல்ல கேட்டா. இப்ப அழறதில்ல. கவலைப்படாதீங்க."

அவன் அதைப் பல முறை படித்தான். அழுவதில்லை என்றால் நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டான்.

&nbsp;

செப்டம்பர் பதினான்காம் தேதி புதுப்பிப்பு வந்தது. நாற்பத்து மூன்று சதவீதத்தில் இரண்டு மணி நேரம் நின்றது. அவன் போனைத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தான். பிறகு ஓடி முடிந்து, திரை அணைந்து எரிந்தது. அதில் எழுதியிருந்தது:

*உயிர்ப்புள்ளி வழங்க இயலவில்லை. கடந்த ஓராண்டில் பதிவான உரையாடல் போதாது. தேவை: 60 மணி. உள்ளது: 24 மணி.*

கீழே விவரம் இருந்தது.

நேத்ரா, 19 மணி.
கிடங்கு மேலாளர், 2 மணி 40 நிமிடம்.
பெயரில்லாத எண்கள், 2 மணி 9 நிமிடம்.
ஷர்மிளா, 11 நிமிடம்.

அவ்வளவுதான். அவனுடைய ஒரு வருடம் அந்தத் திரையில் நான்கு வரிகளுக்குள் அடங்கிவிட்டது. கீழே தள்ளிப் பார்த்தான். வேறு எதுவும் இல்லை.

மறுநாள் ஜெசிந்தா போனை வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது இரக்கமா சங்கடமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பேசணும் சார்."

"எங்க பேசறது? நான் நேர்ல பேசறதை எடுத்துக்காதா?"

"நேர்ல பேசறதைக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. போன்ல பேசறது மட்டும்தான். அதுவும் எதிர்ல மனுஷன் இருக்கணும். சிலர் பேப்பர் எடுத்து வெச்சுப் படிக்கிறாங்க, ஏறாது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னொண்ணு பாத்துக்கங்க. ஒரு வருஷக் குரல்னா, பழசு கழிஞ்சுட்டே வரும். போன செப்டம்பர்ல உங்க பொண்ணுகிட்ட பேசினது இந்த வாரம் போயிடும். சீக்கிரம் பேசுங்க."

அன்று மாலை அவன் பாக்கியநாதனைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க தம்பி."

"எனக்கு அப்டேட் வந்துடுச்சு சார். ஆனா பேச்சு பத்தலையாம்."

"எனக்கும் அதே சீக்குதான். நாப்பத்திரண்டு மணி இருக்கு. உங்களுக்கு?"

"இருபத்திநாலு."



"சரி. பேசுவோம். சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு சார். நீங்க?"

"ஆச்சு." பாக்கியநாதன் இருமினார். "இன்னும் அம்பத்தொம்பது நிமிஷம் இருக்கே தம்பி."

முதல் வாரம் அப்படித்தான் போனது. அவன் கிடங்கின் வெப்பநிலைகளை வாசித்துக் காட்டினான். மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் இருபது. போன் அதை ஏற்கவில்லை. அவர் பழைய ரயில் நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அதையும் ஏற்கவில்லை. ஜெசிந்தாதான் வழி சொன்னாள்.

"சண்டை போடுங்க சார். குறுக்க குறுக்கப் பேசினா நல்லா ஏறுது."

தேங்காய்ச் சட்னியில் பூண்டு சேர்க்கலாமா என்று ஆரம்பித்தார்கள். கூடாது என்று பாக்கியநாதன் சொன்னார். நவநீதனுக்கு அதில் கருத்தே கிடையாது. சேர்க்கலாம் என்றான்.

"யாரு சொன்னா?"

"எங்க வீட்டுல சேர்ப்பாங்க."

"உங்க வீட்டுல சேர்ப்பாங்கன்னா? வே, பூண்டு போட்டா அது சட்னியா, மருந்தா? உங்களக் கட்டினவ எப்படித் தின்னா?"

"அவதான் போடுவா."

"அதான் விட்டுட்டுப் போயிட்டாளோ."

நவநீதன் சிரித்தான். தன் சிரிப்பைக் காதில் கேட்டபோது யாருடையதோ போலிருந்தது. அன்று ஒரு மணி நேரமும் முழுதாக ஏறியது.

அதன் பிறகு அவர்களுக்குச் சண்டை தேவைப்படவில்லை. பாக்கியநாதன் தன் மனைவி இறந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டைப் பற்றிச் சொன்னார். அது ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போனதாம். நவநீதன் நேத்ராவுக்குத் தான் சொல்லிவந்த கதையைப் பற்றிச் சொன்னான். லாரி ஓட்டும் ஒரு கரடி. வாராவாரம் அது ஒரு ஊருக்குப் போகும். மே மாதம் கடைசி ஞாயிறு அது நாமக்கல்லில் டயர் வெடித்து நின்றது. அங்கேயே நிற்கிறது.

"பாவம்லா," என்றார் பாக்கியநாதன். "நாலு மாசமா ரோட்டுல நிக்குது."

அக்டோபர் நடுவில் ஒரு மாலை நவநீதன் வழக்கம்போல அழைத்தான். பெண் குரல் எடுத்தது. இந்த அழைப்பில் உயிர்ப்புள்ளி இல்லை.

பாக்கியநாதனுக்குப் புள்ளி வந்துவிட்டது. பெரியவர்களின் போனில் விலக்கு கொடுக்க முடியும். புள்ளி இல்லாத ஓர் எண்ணை நாமாக அனுமதிக்கலாம். நவநீதன் இரண்டு நாள் காத்திருந்தான். மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது.

"தம்பி, மகன் லீவுல வந்து எல்லாம் சரிபண்ணிக் கொடுத்துட்டுப் போயிட்டான். உங்க நம்பரை எப்படி உள்ள விடுததுன்னு தெரியல. கரடிக்கு என்ன ஆச்சுன்னு எழுதுங்க."

எப்படிச் செய்வது என்று நவநீதன் படிப்படியாக எழுதி அனுப்பினான். பதில் இல்லை. எழுத்து அவருக்குச் சிறியதாகத் தெரிந்திருக்கும். அல்லது மகன் தினமும் பேச ஆரம்பித்திருப்பான்.

மீதியை அவன் முகம் தெரியாதவர்களோடு பேசி நிரப்பினான். சேவை மையத்துச் சுவரில் புள்ளி இல்லாதவர்கள் தங்கள் எண்களை எழுதி வைத்திருந்தார்கள். ஆற்காட்டில் ஒரு தையல்காரர். பேரன்களின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்ன ஒரு கிழவர். பேசாமல் மூச்சு மட்டும் விட்ட ஒரு பெண். அவளுக்கும் மணி தேவைப்பட்டது, ஆனால் சொல்ல ஒன்றும் இல்லை என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் போன வருடத்து ஒரு ஞாயிறு பட்டியலிலிருந்து கழிந்தது. நேத்ரா பத்தொன்பதிலிருந்து பதினைந்துக்கு இறங்கினாள். அவன் அதைவிட வேகமாகப் பேசினான்.

நவம்பர் பதினெட்டாம் தேதி காலை திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. கடுகளவு. அவன் விரலால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை.

"வந்துடுச்சு," என்று ஷர்மிளாவுக்கு எழுதினான். "ஞாயிறு கூப்பிடறேன்."

அவள் எழுதினாள்: "நேத்ராவைக் கூப்பிடறதுக்கு முன்னாடி என்கிட்ட பேசுங்க."

&nbsp;

ஞாயிறு பத்தே காலுக்கு அவளைக் கூப்பிட்டான். மணி அடித்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் பக்கம் மணி அடிப்பதைக் கேட்கிறான்.

"நவநீதன்," என்றாள் ஷர்மிளா. முன்பு நவி என்பாள்.

"சொல்லு."

"கோபப்படாமக் கேளுங்க. ஜூன்ல அவ ரொம்ப அழுதா. ஞாயித்துக்கிழமை சோறு திங்கல. வாட்ச்சைக் கழட்ட விடல, குளிக்கும்போதுகூட. ஸ்கூல்ல கூப்பிட்டுப் பேசினாங்க."

"எழுதியிருக்கலாமே."

"எழுதி? நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

"வாட்ச்ல ஒரு வசதி இருக்கு. ரெண்டு வருஷமா நீங்க பேசின கால் எல்லாம் அதுல இருந்துச்சு. ஒரு நாள் அதுவே கேட்டுச்சு, இந்தக் குரலைத் தொடரவான்னு. ஒரு வாரத்துக்குத்தான்னு நெனச்சு சரின்னு தொட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர்க் கேனை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பியது.

"எப்ப இருந்து?"

"ஜூலை முதல் வாரம்."

"ஞாயித்துக்கிழமையா?"

"தினமும்," என்றாள். "சாயங்காலம் அரை மணி. வீட்டுப்பாடம்கூடச் சொல்லித் தருது. அப்படியே உங்க குரல். 'அப்பறமா' சொல்றது, நடுவுல தொண்டையைக் கனைக்கிறது, எல்லாம். உங்களை விடப் பொறுமையா இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

"கதை?"

"எது?"

"கரடிக் கதை."

"அதுவா. அது ஜப்பானுக்கே போயிடுச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதை நிறுத்து ஷர்மிளா."

"காலைலயே நிறுத்திட்டேன். அவளுக்குத் தெரியாது. அப்பா ஞாயித்துக்கிழமை கூப்பிடுவாரு, பழைய மாதிரின்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். பாத்துப் பேசுங்க. அவகிட்ட அது இதுன்னு எதையும் உடைச்சுடாதீங்க. ஆறு வயசு."

"நான் அவ அப்பா."

"அதான் சொல்றேன்," என்றாள்.

பத்தரைக்கு அவன் மகளின் பெயரைத் தொட்டான். ஒரே மணியில் எடுத்தாள்.

"நேத்ரா."

"ஹலோ."

குரல் வளர்ந்திருந்தது. ஹலோவில் முன்பிருந்த இழுவை இல்லை. பேச வேண்டியவற்றை அவன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். தாள் முழங்காலின்மேல் இருந்தது. அதில் முதல் வரி, ஸாரிடா.

"ஸாரிடா. அப்பாவால..."

"நீங்க யாரு?"

"அப்பாடா கண்ணு."

"அப்பா சாயங்காலம்தான் கூப்பிடுவாரு."

"இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானம். அம்மா சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க." யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நாற்காலியின் காலை உதைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு வயதிலிருந்தே யோசிக்கும்போது அப்படித்தான் உதைப்பாள். "கரடி இப்ப எங்க இருக்கு?"

"ஜப்பான்ல."

"ஜப்பான்ல எங்க?"

அவன் தாளைப் பார்த்தான். தாளில் நாமக்கல் என்று எழுதியிருந்தது.

"நீயே சொல்லேன். அப்பாவுக்கு மறந்துடுச்சு."

"அப்பாவுக்கு மறக்காது," என்றாள். கோபம் இல்லை. தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"நேத்ரா, இங்க பாரு. வாட்ச்சைப் பாரு. பச்சையா ஒரு புள்ளி தெரியுதா?"

"தெரியுது."

"அது இருந்தா நிஜமான ஆளுன்னு அர்த்தம். பொய்க்குரலுக்கு அது வராது. அப்பா அதுக்காகத்தான் இத்தனை நாள்..." கனைத்துக்கொண்டான். அவளுக்குப் பழகிய கனைப்புதான் அது. ஆனால் எங்கோ கொஞ்சம் பிசகிவிட்டது, அவனுக்கே தெரிந்தது. "அந்தப் புள்ளி இருக்கில்ல? அப்ப நான்தானே அப்பா?"

நாற்காலியை உதைக்கும் சத்தம் நின்றது.

"எங்க தமிழ் டீச்சர் போர்டுல போட்டுக் காட்டினாங்க," என்றாள் நேத்ரா. "எழுத்து மேல புள்ளி இருந்தா அதுக்குள்ள உயிர் இல்ல. உயிர் வந்து சேந்துட்டா புள்ளி போயிடும். எங்க அப்பாவுக்குப் புள்ளி வந்ததே இல்ல. உங்களுக்கு மட்டும் ஏன் இருக்கு?"